பழைய அம்பாசிடருக்கு எந்தப் பேரிங் வாங்குவது?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். அப்பா வைத்திருந்த 1966ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 காரின் எஞ்சினைப் பிரித்திருக்கிறோம். கழற்றிய கனெக்டிங் ராட் பேரிங்குகளில் சாம்பல் நிறம் தேய்ந்து, நடுவில் செம்பு நிறம் தெரிகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரர் செம்பு-ஈயப் பேரிங்தான் உறுதி என்கிறார். இன்னொருவர் அலுமினியப் பேரிங்கே போதும் என்கிறார். மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் வண்டியை எடுப்போம். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் பயன்பாட்டுக்கு அலுமினியம்-வெள்ளீயப் பேரிங்கையே வாங்குங்கள். ஆனால், பிஸ்டன்களின் அசைவால் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டை அளந்து முடிக்கும் வரை எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் பார்த்த செம்பு நிறம்தான் செம்பு-ஈயப் பேரிங்கின் உள்ளடுக்கு. எஃகு முதுகின் மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கும், அதற்கும் மேல் தலைமுடியைவிட மெல்லிய மிருதுவான பூச்சும் இருக்கும். அந்தப் பூச்சு இருக்கும் வரை சிறு தூசியைத் தன்னுள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றும்; அது தேய்ந்தபின், பழைய ஆயிலில் ஊறும் அமிலம் ஈயத்தை அரிக்கத் தொடங்கும். நாள் முழுவதும் பாரம் இழுக்கும் டீசல் லாரிக்கு இந்த வகையின் உறுதி தேவைதான். சுமார் 50 குதிரைத்திறன் தரும் உங்கள் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு அவ்வளவு தேவையில்லை. அதிலும், சூடேறும் முன்பே நிறுத்தப்பட்டு, மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நிற்கும் வண்டியில் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேர்வது இயல்பு என்பதால், அந்த அரிப்புக்கு இடம் தராத அலுமினியமே பொருத்தம். நெல்லியாம்பதி மலைப்பாதையில் அடிக்கடி ஏற்றி இறக்குவதாக எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கடையில் கேட்கும்போது ‘அலுமினியம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சிலிக்கான் கலந்த கடினமான அலுமினியப் பேரிங் வார்ப்பிரும்புக் கிராங்குகளுக்கென வந்தது. உங்களுக்கு வேண்டியது வெள்ளீயம் கலந்தது. (இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களில் உருக்கி ஊற்றும் வெள்ளை உலோகப் பேரிங் தனிக் கலை; உங்களுக்கு அது வேண்டியதில்லை.)

இனி அளவு. லேத் பட்டறையில் கிராங்கின் ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளக்கச் சொல்லுங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டும்போது தட்டுப்படும் கீறல் இருந்தால், கிரைண்டிங் செய்தே ஆக வேண்டும். கிரைண்டிங் முடிந்து பாலிஷ் போட்ட பிறகுதான் பேரிங் அளவு பத்தா, இருபதா, முப்பதா (கிராங்கின் விட்டம் குறைந்த அளவு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) என்பது உறுதியாகும். இருபது போதும் என்ற வாய்வார்த்தையை நம்பி நானும் ஒருமுறை முன்கூட்டியே வாங்கினேன். கிராங்க் முப்பதுக்குப் போனது, பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கும்போது ஒவ்வொரு ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் துண்டு) முதுகிலும் ஒரே அளவு எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். பொருத்தியபின் இடைவெளி, ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறத்தாழ அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இரண்டு அங்குல ஜர்னலுக்கு இது 0.05 மி.மீ. இடைவெளி இதைவிடக் குறைந்தால் ஷெல்லைச் சுரண்டிச் சரிசெய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். கிராங்கின் ஆயில் துளைகளைக் கழுவாமல் பூட்டினால், உள்ளே தங்கிய கிரைண்டிங் தூள் எந்த விலைப் பேரிங்கையும் தின்றுவிடும்.

கடைசியாக, வேலந்தாவளம் மாநில எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூரில் வாங்கினாலும் ஜிஎஸ்டி ரசீது கேட்டுப் பெறுங்கள். அதில் பேரிங் வகையும் அளவும் எழுதப்பட்டிருக்கட்டும். கிரைண்டிங் ரசீதிலும் இறுதி அளவு இருக்கட்டும். பொருள் குறையுடையதாக இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.