"மாமியார் புலம்புகிறார்" என்கிறீர்களே!

கேள்வி: வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஆனாலும் யாருமே இல்லாதது போலிருக்கிறது. கணவருக்கு வேலை, பிள்ளைகளுக்கு செல்போன். மாமியார் இறந்துபோன தன் தங்கையைப் பற்றி ஒரே கதையைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே இருப்பார். தாங்காமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். என் நிலைக்குத் தமிழில் சரியான சொல் எது? தனிமையா, ஏகாந்தமா? அது எங்கிருந்து வந்தது? – ஒரு வாசகி

பதில்: ஏகாந்தம் இல்லை. வடமொழியின் ஏகமும் அந்தமும் சேர்ந்த சொல் அது. விரும்பிப் போய் உட்காரும் அமைதியைத்தான் தமிழில் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம். தனிமை ஓரளவு பொருந்தும். ஆனால் 'தனி' என்பதில் துயரம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை; தனிச்சிறப்பு, தனிப்பெருமை என்றும் சொல்கிறோமே. திருக்குறளின் 120ஆம் அதிகாரம் 'தனிப்படர் மிகுதி'. அங்கே துன்பத்தைச் சொல்வது 'படர்' என்ற சொல்.

நீங்கள் கேட்ட சொல் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: புலம்பு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலில் 'புலம்பே தனிமை' என்று இரண்டே சொல்லில் ஒரு நூற்பா வருகிறது. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்தி விளக்குவது அந்த இயலின் முறை. ஆகவே தனிமை அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த சொல். புலம்புக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது. சங்கப் பாடல்களில் தலைவனைப் பிரிந்து கிடப்பவளின் நிலை புலம்பு. கடற்கரைக்கும் அந்தப் பெயர் உண்டு, நெய்தல் நிலத் தலைவன் புலம்பன். தனித்து விடப்பட்டவரின் நிலையைக் குறித்த சொல், அவர் வாய்விட்டு அரற்றும் ஓசையையும் குறித்தது. இன்றைய பேச்சில் அந்த ஓசை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

இப்போது நீங்கள் எழுதிய வரியைப் பழைய பொருளோடு வாசியுங்கள். மாமியார் தனித்துக் கிடக்கிறார், அது தாங்காமல் நான் கதவைச் சாத்துகிறேன். யாரும் பேச வருவதில்லை என்று வருந்தும் நீங்கள், பேச வருகிற ஒரே ஆளை வெளியே நிறுத்துகிறீர்கள். இது தவறு. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்த மூத்தவள் சொல்வதைக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும். அது குடும்பத்தின் கடமை, முதலில் பெற்ற மகனின் கடமை. உங்கள் கணவருக்கு வேலை இருப்பதால் அவர் தப்பிவிட முடியாது.

தினமும் ஒரே நேரத்தில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். காலை அவசரத்தில் வேண்டாம். மாலையில் வேலை ஓய்ந்தபின் உட்காருங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். "அதையே நினைக்காதீங்க அத்தை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தான் சொன்னது காதில் ஏறவில்லை என்று அவருக்குத் தோன்றும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரே கதை திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கதைக்குள் போய்க் கேளுங்கள்: தங்கைக்கும் அவருக்கும் எத்தனை வயது வித்தியாசம், சண்டை வந்தால் யார் முதலில் பேசுவார்கள், தங்கை என்ன சொல்லிக் கூப்பிடுவார். பதில் சொல்ல அவர் வேறு நினைவுகளைத் தேடவேண்டியிருக்கும். கதை மெல்ல நகரும். ஆறுதல் சொல்ல அவசரப்படாதீர்கள், அழுதால் அழட்டும்.

வாரத்தில் இரண்டு நாள் உங்கள் இடத்தில் கணவர் உட்காரட்டும். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், பாட்டியின் தங்கை அவர்களுக்கும் பாட்டிதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏற்கெனவே சொன்னது தெரிந்தே திரும்பச் சொல்கிறாரா, சற்று முன் சொன்னதே நினைவில்லாமல் சொல்கிறாரா? முன்னது துக்கம். பின்னதென்றால் மறதி நோயா என்று டாக்டர் பார்க்கவேண்டும். டிவி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ காதையும் சோதிக்கவேண்டும். சரியாகக் காது கேட்காதவருக்கு அடுத்தவர் பேச்சில் கலந்துகொள்வது சிரமம். அதனாலேயே சிலர் அடுத்தவருக்கு இடம் விடாமல் தாங்களே பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பரிசோதனைகளுக்குக் கணவர் ஒரு நாள் விடுப்பு எடுத்து அம்மாவை அழைத்துப் போகட்டும். நீங்களும் கூடப் போங்கள்.