டேட்டா லிங்க் லேயர் (கேபிள்லயோ வைஃபைலயோ பக்கத்து மெஷினுக்கு டேட்டா கொண்டுபோற அடுக்கு): இந்தத் தடவை வந்த கேள்விகள்

கே: ஐபி அட்ரஸ் இருக்கும்போது மேக் அட்ரஸ் எதுக்கு சார்?

ப: ஐபி கடைசி மெஷின் வரைக்கும், மேக் (நெட்வொர்க் கார்டோட அட்ரஸ்) அடுத்த ஹாப், அதாவது வழியில அடுத்து வர்ற மெஷின் வரைக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் பழைய ஹெடரைக் கழட்டிட்டு புது மேக் போட்டு அனுப்பும்.

கே: சிஆர்சி (டேட்டாவோட கடைசியில சேர்க்குற சரிபார்ப்பு எண்) பிழையைத் திருத்திடுமா?

ப: திருத்தாது, கண்டுபிடிக்கும், அவ்ளோதான். ஈத்தர்நெட்ல (கேபிள் நெட்வொர்க்) கடைசி 4 பைட் ஒத்துப்போகலன்னா ஃப்ரேமை (லிங்க்ல போற டேட்டா பொட்டலம்) சத்தமில்லாம டிராப் பண்ணிடும், அனுப்பினவங்களுக்குத் தகவல்கூட போகாது, திரும்ப அனுப்புறது மேல் லேயர்ல டேட்டா முழுசா சேருதான்னு பாத்துக்குற டிசிபி பாடு. வைஃபைல மட்டும் யூனிகாஸ்ட் (ஒரே மெஷினுக்குப் போற) ஃப்ரேமுக்கு லிங்க் லேயர்லயே அக் (வந்துடுச்சுங்கிற பதில்) உண்டு.

கே: நெட் ஸ்லோ. எந்த புரோட்டோகால் மாத்தணும்?

ப: கேபிளா வைஃபையா, எத்தனை மெஷின், எப்போ ஸ்லோ, எதுவுமே எழுதல. இதுக்கு நான் என்னத்த சொல்ல? முதல்ல இன்டர்ஃபேஸ் கவுண்டர் (போர்ட்ல எத்தனை எரர், எத்தனை மோதல்னு காட்டுற எண்ணிக்கை) பாருங்க, பாத்துட்டு எழுதுங்க.

கே: பிங் (பதில் வருதான்னு பாக்குற சின்ன டெஸ்ட்) நல்லா போகுது, பெரிய ஃபைல் காப்பி பண்ணா மட்டும் ஊர்ந்து போகுது. சேஃப்டிக்காக ஸ்விட்ச் போர்ட்டை 100 ஃபுல்னு (100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ்) ஃபிக்ஸ் பண்ணிருக்கேன், சர்வர் ஆட்டோல இருக்கு.

ப: அந்த "சேஃப்டிக்காக"தாங்க பிரச்சனையே. இதை எத்தனை தடவை எழுதிட்டேன்! ஒரு பக்கம் ஃபிக்ஸ் பண்ணா அது நெகோஷியேட் பண்றதை (எதிர்ப்பக்கத்தோட பேசி முடிவு பண்றதை) நிறுத்திடும், ஆட்டோ பக்கம் சிக்னலைப் பாத்து ஸ்பீடு 100னு கண்டுபிடிச்சுடும், ஆனா டூப்ளெக்ஸை (ஃபுல்னா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அனுப்பலாம், ஹாஃப்னா ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான்) கண்டுபிடிக்க வழியே கிடையாது, அதனால ஸ்டாண்டர்டு சொல்றபடி ஹாஃபுக்குப் போயிடும். இப்போ ஸ்விட்ச் ஃபுல்லு, இஷ்டத்துக்கு அனுப்பும், சர்வர் அதை மோதல்னு நினைச்சு பாதியிலயே நிறுத்தும், அந்த அரைகுறை ஃப்ரேம் ஸ்விட்ச் பக்கம் சிஆர்சி எரரா விழும். 64 பைட் தாண்டி மோதினா லேட் கொலிஷன், அதைக் கார்டு பெரும்பாலும் திரும்ப அனுப்பாது, டிசிபி டைம்அவுட் ஆகி அனுப்பணும், அதான் ஊருது. பிங் ஒண்ணு போய் ஒண்ணு வர்றதால மோதவே வாய்ப்பு கம்மி, அதை நம்பி "லிங்க் ஓகே"ன்னு முடிவு பண்ணாதீங்க. நானே இப்படி ஒரு ராத்திரி முழுக்க கேபிளா மாத்திட்டு உக்காந்திருக்கேன், கவுண்டரைப் பாத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை: ஒரு பக்கம் லேட் கொலிஷன், எதிர்ப்பக்கம் சிஆர்சி, ரெண்டும் சேந்து ஏறினா டூப்ளெக்ஸ்தான். ரெண்டு பக்கமும் ஆட்டோ விடுங்க, இல்லன்னா ரெண்டு பக்கமும் ஃபிக்ஸ் பண்ணுங்க. காப்பர் கேபிள்ல ஜிகாபிட்னா ஆட்டோ கட்டாயம், கையே வைக்காதீங்க.

கே: ஃப்ரேம் ஏன் குறைஞ்சது 64 பைட்?

ப: பழைய 10 எம்பிபிஎஸ் காலத்துக் கணக்கு. 512 பிட் (64 பைட்) அனுப்ப சுமார் 50 மைக்ரோசெகண்ட், அதுக்குள்ள கடைக்கோடியில நடந்த மோதல் திரும்பி வந்து தெரிஞ்சாகணும். சின்ன ஃப்ரேம்னா அனுப்பி முடிச்சப்புறம்தான் மோதல் தெரியும், அது நம்ம ஃப்ரேமானே தெரியாது. ஃபுல் டூப்ளெக்ஸ்ல மோதலே இல்ல, அளவு மட்டும் அப்படியே தங்கிடுச்சு.

கே: கோ-பேக்-என்ல (ஒண்ணு தொலைஞ்சா அதுல இருந்து எல்லாத்தையும் திரும்ப அனுப்புற முறை) 3 பிட் சீக்வென்ஸ் நம்பர், விண்டோ (அக் வராமலே அனுப்பக்கூடிய ஃப்ரேம் எண்ணிக்கை) 8 வைக்கலாமா?

ப: 7 தான். 3 பிட்ல நம்பர் 0ல இருந்து 7 வரைக்கும்தான், அப்புறம் மறுபடி 0. 8 வச்சு எல்லா அக்கும் தொலைஞ்சா, திரும்ப வர்ற பழைய 0வை ரிசீவர் புதுசுன்னு வாங்கிக்கும். செலக்டிவ் ரிபீட்னா (தொலைஞ்சதை மட்டும் திரும்ப அனுப்புற முறை) 4.

கே: ஸ்விட்ச்ல எஸ்டிபி (லூப்பைத் தடுக்குற புரோட்டோகால்) ஆஃப் பண்ணா வேகம் கூடுமா?

ப: கூடாது, பண்ணாதீங்க. ஈத்தர்நெட் ஃப்ரேம்ல டிடிஎல் (இத்தனை ஹாப் தாண்டினா தூக்கிப்போடுங்கிற கணக்கு) கிடையாது, ஒரே ஒரு கேபிள் தப்பா லூப் ஆனா பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போற ஃப்ரேம்) சுத்திட்டே இருக்கும், மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். போர்ட் லேட்டா எழுந்திரிக்குதுன்னு கவலைன்னா ஆர்எஸ்டிபிக்கு (எஸ்டிபியோட வேகமான வடிவம்) மாறிட்டு, பிசி மாட்டுற போர்ட்ல மட்டும் எட்ஜ் போர்ட் செட்டிங் (காத்திருக்காம போர்ட்டை உடனே திறக்கும்) போடுங்க.