வரிக்கடைசியில் ஒளிந்திருக்கும் வெற்றிடம்

கேள்வி: பைத்தான் கோப்பில் ஒரே வரியைத்தான் திருத்தினேன். கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் (Git) 40 வரிகள் மாறியதாகக் காட்டுகிறதே, ஏன்?

பதில்: உங்கள் எடிட்டர் சேமிக்கும்போதே வரிக்கடைசி வெற்றிடங்களை வெட்டியிருக்கும். நல்லதுதான், ஆனால் அதைத் தனி கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாக, போடுங்கள். இல்லையேல் சரிபார்ப்பவர் கண்ணில் உண்மையான திருத்தம் படாது. டிஃப் (மாற்றங்களின் ஒப்பீடு) பார்க்கும்போது, வரிக்கடைசி வெற்றிட மாற்றங்களை மட்டும் புறக்கணிக்கும் ‘இக்னோர் ஸ்பேஸ் அட் இஓஎல்’ (--ignore-space-at-eol) விருப்பம் போதும். பலர் சொல்லும் ‘டபிள்யூ’ (-w) விருப்பம் பைத்தானுக்கு ஆபத்து: அங்கே பொருளையே மாற்றக்கூடிய உள்தள்ளல் (வரித்தொடக்க இடைவெளி) மாற்றத்தையும் மறைத்துவிடும்.

எல்லாக் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். மார்க்டவுன் என்னும் எளிய உரை வடிவத்தில் வரிக்கடைசியில் 2 இடைவெளி என்றால் வரிமுறிப்பு. எடிட்டர் அமைப்புகளை எழுதிவைக்கும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் மார்க்டவுனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஷெல் ஸ்கிரிப்டிலோ (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) நேர்மாறு. வரியைத் தொடரப் போட்ட பின்சாய்கோட்டுக்கு (\) பின் ஓர் இடைவெளி இருந்தாலும் கட்டளை அங்கேயே அறுந்துவிடும்.