தள்ளுபடி போட்டால்தான் ஆர்டர் வருகிறதா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் லைக் நிறைய வருகிறது. ஆனால் தள்ளுபடி போடும் வாரத்தில்தான் ஆர்டர் வருகிறது. வாங்கியவர்களும் திரும்ப வருவதில்லை. பாயின்ட் கார்டு கொடுக்கலாமா?

பதில்: கார்டை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் ஆர்டர் நோட்டை எடுங்கள். இரண்டாவது முறை வாங்கிய சிலராவது இருப்பார்கள். முதல் ஆர்டருக்கும் அடுத்ததற்கும் எத்தனை நாள் இடைவெளி என்று ஒவ்வொருவருக்கும் குறித்துப் பாருங்கள். அந்த வீட்டில் எண்ணெய் தீரும் கணக்கு ஏறக்குறைய அதுதான். அது தீர நாலைந்து நாள் இருக்கும்போது, "அக்கா, போன தடவை இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினீங்க, அதே அளவு அனுப்பட்டுமா?" என்று பெயர் சொல்லி ஒரு வாட்ஸ்அப் போதும். எண்ணெய் தீர்ந்த அன்று உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வராவிட்டால், அவர் தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவிடுவார். உங்கள் மேல் கோபம் எதுவும் இருக்காது, மறந்திருப்பார், அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே தடவையில் அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டை நம்பி இருந்துவிடாதீர்கள். ஒரு லிஸ்டில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எண்ணைச் சேமிக்கச் சொல்லி முதல் பார்சலிலேயே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்.

அடுத்தது தள்ளுபடி. 1983-ல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு ஒரு வேலை செய்தது. எந்த கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, காலி சாஷேக்களைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். மக்கள் போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் விதியை மாற்றினார்கள்: இனி சிக்கின் காலி சாஷேக்கு மட்டும்தான். முதல் சலுகை புதியவரை இழுக்க, இரண்டாவது வந்தவரைத் தக்கவைக்க. நீங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தள்ளுபடியைக் கொடுப்பதால், பழையவரும் அடுத்த தள்ளுபடி வரட்டும் என்று காத்திருக்கப் பழகிவிட்டார். புதியவருக்குக் கால் லிட்டர் சின்ன பாட்டில் கொடுங்கள். பழையவருக்கு வேறு மரியாதை: கடலை விலை ஏறி நீங்களும் விலையைக் கூட்டப் போகிறீர்கள் என்றால், ஒரு வாரம் முன்பே சொல்லி, ஒரு ஆர்டரைப் பழைய விலைக்கே கொடுங்கள். என்னைக் கேட்டால், ஆயிரம் பாயின்டை விட இது பெரிது.

புகார் வரும்போது என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. செக்கு எண்ணெயில் அடியில் மண்டி தங்கும். பாக்கெட் எண்ணெய்க்குப் பழகியவர் அதைக் கலப்படம் என்றே நினைப்பார். முதல் பாட்டிலோடு இதைச் சொல்லிவிடுங்கள். காறல் வாடை என்று யாராவது சொன்னால், "வெயிலில் வைத்திருப்பீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். 2003-ல் கேட்பரி சாக்லேட்டில் புழு இருந்ததாகப் புகார் கிளம்பியபோது, கடைகளில் சரியாக வைக்கவில்லை என்ற விளக்கம் எடுபடவில்லை; அடுத்த ஆண்டு உறையையே மாற்றினார்கள். நீங்கள் பாட்டிலில் ஆட்டிய தேதி இருக்கிறதா என்று பார்த்து, மாற்று பாட்டிலை அனுப்பிவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுங்கள். அதே தேதியில் ஆட்டிய எண்ணெய் வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். புகார் சொல்லாதவர்தான் சத்தமில்லாமல் வேறு இடம் போகிறவர்.

இன்ஸ்டாகிராமை விட வேண்டாம். ஆனால் காலை வணக்கப் படங்களை நிறுத்திவிட்டு, "கடலை இன்னும் காயவில்லை, இந்த வாரம் ஆட்டுவது இரண்டு நாள் தள்ளிப் போகும்" என்று களத்தில் நின்றே ஒரு வீடியோ போடுங்கள். கீழே யாராவது விலை கேட்டால் "இன்பாக்ஸ் வாங்க" என்று ஓட வைக்காமல், அங்கேயே சொல்லிவிடுங்கள்.