நிர்வாகக் குழுவும் பூட்டிய அலமாரியும் – வாசகர் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் பல ஆண்டுகளாகக் குடும்பநல ஆலோசனை மையம் நடத்தி வருகிறது. கட்டணம் கிடையாது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. பொருளாளராக இருந்தவர் மகனோடு வெளியூர் போய்விட்டதால் அந்தப் பொறுப்புக்கு என்னை அழைக்கிறார்கள். கணக்கு எனக்குத் தெரியும். குடும்ப ஆலோசனை பற்றி ஒன்றும் தெரியாது.

முடிவு செய்வதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். தலைவர் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, "அந்தக் கோப்பை எடுத்து வாருங்கள். பையன் நமக்கு வேண்டியவன்தான். நானே கூப்பிட்டுப் பேசி முடித்துவைக்கிறேன்" என்றார். ஆலோசகராக இருக்கும் பெண் பதில் சொல்லாமல் நின்றார். மற்றவர்கள் தலைவருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று பாராட்டினார்கள். பிறகு ஆண்டறிக்கையை வாசித்தார்கள். "சேர்த்துவைக்கப்பட்ட குடும்பங்கள்" போன வருடத்தைவிடக் குறைந்துவிட்டதாம். அதற்கும் அந்தப் பெண்ணிடம்தான் விளக்கம் கேட்டார்கள். எனக்கு என்னவோ உறுத்தியது. எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இப்படி ஒரு குழுவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் சேரலாமா? சேர்ந்தால் என் வேலை என்ன? என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

சேருங்கள். ஆலோசனை பற்றி ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நிர்வாகக் குழுவில் ஆபத்தானவர்கள் அப்படிச் சொல்பவர்கள் அல்லர். "நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவன், எனக்குத் தெரியாததா" என்று வந்து உட்கார்பவர்கள்தாம். அவர்களுக்கு நல்ல எண்ணம் வேறு இருக்கும். கெட்ட எண்ணத்தோடு வருபவரையாவது சமாளித்துவிடலாம்.

உங்களுக்கு உறுத்திய இடம் சரியான இடம். நீங்கள் மேலாளராக இருந்தபோது, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கிளைக்கு வந்து, "என் மச்சானின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, நல்லதுக்குத்தான் கேட்கிறேன்" என்றால் லெட்ஜரைத் திருப்பிக் காட்டியிருப்பீர்களா? அவர் வங்கியின் இயக்குநர் குழுவிலேயே இருந்தாலும் காட்டியிருக்க மாட்டீர்கள். அந்தப் பெண் பேசாமல் நின்றதற்கும் காரணம் அதுதான். அவர் உங்களைப் போல மேலாளர் இல்லை, தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குச் சம்பளம். அதனால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

சிறிய ஊர்களில் இந்தக் குழுக்கள் எப்படி அமைந்தன என்று பாருங்கள். மத்திய சமூக நல வாரியம் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு 1953-இல் தொடங்கியது. ஊருக்குள் ஏற்கெனவே இயங்கும் தொண்டு அமைப்புகளிடம் மானியத்தைக் கொடுத்து, அவர்கள் வழியாக வேலையை நடத்துவது அதன் முறையாக இருந்தது. 1980-களில் குடும்ப ஆலோசனை மையங்களும் அப்படியே வந்தன. ஆகவே ஊரில் மதிப்புள்ளவர்கள் கூடி ஒரு சங்கம், சங்கத்தின் கீழ் ஒரு மையம், மையத்தில் சொற்பச் சம்பளத்துக்கு ஓரிரு ஆலோசகர்கள் என்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அந்த மதிப்புள்ளவர்கள் இல்லாமல் மையம் வந்திருக்காது, அது உண்மை. கல்யாண மேடையில் முதல் வரிசையில் உட்கார்பவர்களும் அவர்களே என்பதும் உண்மை.

ஒரு பெண் உங்கள் மையத்தின் படியேறும்போது அதற்கு முன் எத்தனை பேரிடம் போயிருப்பாள்? அம்மா, அண்ணன், மாமனார் வீட்டுப் பெரியவர், ஊர்ப் பஞ்சாயத்து, சில சமயம் மகளிர் காவல் நிலையம். எல்லா இடத்திலும் "இரண்டு கை தட்டினால்தானே ஓசை" என்பதைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். தன்னை யாரென்று தெரியாத ஒருவரிடம், தன் மாமனாரையும் தெரியாத ஒருவரிடம் பேச முடியும் என்பதற்காகவே வருகிறாள். அவள் சொன்னது தலைவர் வழியாகக் கணவனின் காதுக்குப் போனால், மையம் இன்னொரு மாமா வீடாகிவிடும். தலைவர் கூப்பிட்டுப் பேசிய அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தலைவருக்கு எப்படித் தெரியும்? "ஊரெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாயா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவது அவர் இல்லை.

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2006-இல் வந்த விதிகளின்படி, மாஜிஸ்திரேட் உத்தரவின்பேரில் நடக்கும் ஆலோசனையில், அந்த விவகாரத்தில் ஈடுபாடு உள்ளவரோ இரு தரப்பில் ஒருவருக்கு உறவினரோ ஆலோசகராக இருக்கக் கூடாது. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் விலக்கு உண்டு. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது: அடித்ததற்கு நியாயம் சொல்ல அங்கே இடமில்லை, ஆலோசனை தொடங்கும் முன்பே அதை எதிர்த்தரப்புக்குத் தெரிவித்துவிட வேண்டும். "அவள் எதிர்த்துப் பேசினாள், அதனால் கை நீட்டினேன்" என்ற பேச்சு வாசலிலேயே நிற்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் ஆலோசனைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு விதியில் இருக்கிறது. நேரடியாக மையத்துக்கு வருபவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று குழுவில் ஒரு வழக்கறிஞர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நீதிமன்றம் அனுப்பியவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, தானாக நம்பி வந்தவளுக்கு ஏன் குறைய வேண்டும் என்று கேளுங்கள்.

ஆகவே முதல் தீர்மானம் இப்படி இருக்கட்டும்: கோப்புகளை ஆலோசகர்களும் அவர்களுக்கு மேலிருந்து வழிகாட்டும் மூத்த ஆலோசகரும் மட்டுமே பார்க்கலாம். நிர்வாகக் குழுவுக்குப் பெயர் இல்லாத எண்ணிக்கை மட்டும் வரும். அலமாரிச் சாவி தலைவரிடமோ செயலாளரிடமோ இருக்காது. உறுப்பினர் ஒருவருக்குத் தெரிந்த குடும்பம் வந்திருப்பதாகக் காற்றுவாக்கில் காதில் விழுந்தால், அவர் அதைப் பற்றி மையத்தில் யாரிடமும் கேட்கக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் இது ஏறிவிட்டால், அடுத்த முறை அந்தப் பெண் மௌனமாக நிற்க வேண்டியதில்லை. "குழுவின் தீர்மானம் ஐயா" என்று சொல்லிவிடலாம்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது பேச்சில் வெளிப்பட்டால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். இதில் குழு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தகவல் கொடுக்க ஆலோசகர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று எழுத்தில் கொடுத்துவிடுவது. இல்லாவிட்டால், "முதலில் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்" என்று தொடங்கி, "நல்ல குடும்பம், பிள்ளையின் எதிர்காலம்" என்று அது எங்கே போய் முடியும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி அந்தச் "சேர்த்துவைக்கப்பட்ட குடும்பங்கள்". வங்கியில் மார்ச் மாதத்தில் வைப்புத்தொகை இலக்கை எட்ட என்னவெல்லாம் செய்வார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 31-ஆம் தேதி வந்த பணம் ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பிப் போகும். இங்கே மார்ச் மாதத்தில் திரும்பிப் போவது ஒரு பெண். சேர்ந்த குடும்பங்களின் எண்ணிக்கையை வைத்து ஆலோசகரை எடைபோட்டால், அவர் அறியாமலேயே "இன்னும் ஒரு தடவை முயன்று பாருங்கள்" என்பது அவர் வாயில் கூடுதலாக வரும். அந்தப் பெண் மறுபடி வராவிட்டால், கோப்பில் அது வெற்றி. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

சேர்ந்து வாழ்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டமே முதலில் சமரசத்துக்கு முயலும்படி நீதிமன்றத்துக்குச் சொல்கிறது, ஆனால் வழக்கின் தன்மைக்கும் சூழ்நிலைக்கும் பொருந்தும் இடத்தில் மட்டும் என்ற வரையறையோடு. கடன் தொல்லையால் பேச்சு நின்றுபோன தம்பதி உண்டு. மாமியாரோடு ஒரே சமையலறையில் இருக்க முடியாமல் வந்தவர்கள் உண்டு. இவர்களில் பலர் சில வாரங்கள் பேசியதும் சேர்ந்தே போகிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். வேறு சிலர் பிரிவது என்று முடிவெடுத்து, பிள்ளை ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருப்பது, பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது என்று சண்டையில்லாமல் பேசி எழுதிக்கொண்டு போகிறார்கள். அதற்கு ஆலோசகர் பட்ட பாடு முன்னதைவிட அதிகம். உங்கள் ஆண்டறிக்கையில் அதற்குப் பத்தியே கிடையாது.

அதனால் வேறு கேள்விகளைக் கேளுங்கள். முதல் முறை வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள்? போன் செய்த நாளுக்கும் ஆலோசகரைப் பார்த்த நாளுக்கும் இடையில் எவ்வளவு காலம்? கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைக்கும் முன் தனித்தனியாகப் பேசுகிறார்களா? அடி உதை இருக்கும் குடும்பம் என்றால், அவள் எங்கே போவாள், யாரை அழைப்பாள் என்று பேசி அனுப்பினார்களா? பெண்கள் உதவி எண் 181-க்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் எத்தனை பேரை அனுப்பினார்கள்? (பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பது நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பலருக்கே தெரியாது.) இவை எல்லாவற்றுக்கும் பெயரில்லாமல் பதில் சொல்லலாம்.

பொருளாளரின் வழக்கமான வேலைகள் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரசீது, தணிக்கை, பதிவாளர் அலுவலகத்துக்கு ஆண்டுக் கணக்கு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடையாது என்று நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்வது. செயலாளரின் மைத்துனர் கட்டடத்துக்கு வாடகை கொடுக்கப்படுகிறது என்றால் கொஞ்சம் நின்று பாருங்கள். அறக்கட்டளைப் பணம் அதன் பொறுப்பாளர்களுக்கோ அவர்கள் உறவினர்களுக்கோ நியாயமற்ற விதத்தில் போய்ச் சேர்ந்தால் வரிவிலக்கே ஆட்டம் காணும்.

ஆனால் வரவு செலவுத் திட்டத்தில் யாரும் எழுதாத ஒரு தலைப்பு உண்டு, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். நாளெல்லாம் பிறர் கண்ணீரைக் கேட்கும் ஆலோசகர், தான் கேட்டதை ஒரு மூத்த ஆலோசகரிடம் வாரம் ஒரு முறையாவது பேச வேண்டும். தான் போகும் பாதை சரியா என்று பார்த்துக்கொள்ளவும், தன் மனம் உடையாமல் இருக்கவும் அது வேண்டும். அதற்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். நாங்கள் இதை முதலில் முன்வைத்தபோது ஒரு உறுப்பினர், "ஆலோசகருக்கே ஆலோசனையா?" என்று சிரித்தார். ஆண்டு விழாப் பொன்னாடைச் செலவைக் காட்டினோம். சிரிப்பு நின்றது. சம்பளத்தையும் பாருங்கள். சமூகப்பணியில் முதுகலை படித்த எங்கள் ஆலோசகர் ஒருவர், ஜவுளிக்கடையில் இதைவிடக் கூடுதலாகத் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு அங்கேயே போய்விட்டார். அவரை நம்பி வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அடுத்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லப் பிடிக்காமல் நின்றுவிட்டார்கள்.

நன்கொடை தரும் நிறுவனங்கள் புகைப்படம் கேட்கும். "பயனாளிகளோடு ஒரு படம், முகம் தெரிந்தால் நல்லது" என்பார்கள். மறுப்பது பொருளாளரின் வேலை. பணம் தேடுபவரே மறுத்தால்தான் அந்த மறுப்புக்கு எடை. பூட்டிய அறைக் கதவின் படத்தை அனுப்பி நாங்கள் ஒரு தடவை நிதி வாங்கியிருக்கிறோம். ஒரு தடவை இழந்தும் இருக்கிறோம்.

பதவி ஏற்றதும் மையத்துக்கு ஒரு நாள், வேலை நேரம் முடிந்த பிறகு, சும்மா போய்ப் பாருங்கள். வாசலில் மேசைமேல் வருகைப் பதிவேடு இருக்கும். பெயர், கணவர் பெயர், ஊர், தொலைபேசி எண், வந்த காரணம். அடுத்து வருபவர் தன் பெயரை எழுதும்போது முந்தைய பத்துப் பேரின் வாழ்க்கையையும் வாசித்துவிட்டுத்தான் எழுதுவார். அதை எடுத்துவிட்டு ஆளுக்கொரு சீட்டு வையுங்கள், செலவு ஒன்றுமில்லை. ஆலோசனை அறையின் தடுப்பு பிளைவுட்டா, அது கூரைவரை போகிறதா என்று பாருங்கள். உள்ளே ஒருவர் சாதாரணக் குரலில் பேசட்டும், நீங்கள் வெளி பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர்ப்பலகை கடைத்தெருவைப் பார்த்துக் குழல்விளக்கோடு எரிகிறதா? நன்கொடையாளரின் பெயர் பெரிதாகத் தெரிவது அவருக்கு மகிழ்ச்சிதான். எதிர்க்கடை டீ மாஸ்டர் பார்க்கும் வெளிச்சத்தில் படியேறுகிறவளுக்கு அது தண்டனை. எங்கள் ஊரில் பக்கச் சந்தில் ஒரு வழி திறந்தோம்.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைக் கூட்டத்தில் மடக்க நினைக்காதீர்கள். அந்த மையத்தை இத்தனை வருடம் இழுத்து வந்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள், வங்கி ரகசியத்தைப் பற்றிப் பேசுங்கள், நீங்கள் பணியில் பார்த்தவற்றைச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் நீங்கள் முன்மொழியுங்கள். வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அன்று பார்த்து எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள்.

அன்புடன்.