பித்தப்பை லேப்ராஸ்கோபிக்கு ஆன்டிபயாட்டிக் எப்போது, எவ்வளவு? கேள்வி பதில்

பித்தப்பைக் கல்லுக்கு முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் துளை ஆபரேஷனைப் பற்றி மட்டும் கேளுங்கள். காய்ச்சல், காமாலை, பித்தப்பையில் சீழ் என்று வந்துவிட்டால் அங்கே போடும் ஆன்டிபயாட்டிக் சிகிச்சை; தொற்று வராமலிருக்க முன்கூட்டியே போடும் தடுப்பு அல்ல. அதன் கணக்கு வேறு.

கே: அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். வயது 52, சர்க்கரை இல்லை. ஊசி கட்டாயமா டாக்டர்?

ப: கட்டாயம் இல்லை. 70 வயது தாண்டியவர், சர்க்கரை நோயாளி, எதிர்ப்பு சக்தி குறைந்தவர், கர்ப்பிணி, ஆபரேஷன் 2 மணி நேரத்தைத் தாண்டும் என்று எதிர்பார்க்கப்படுபவர் ஆகியோருக்கு ஒரு டோஸ் வேண்டும். பலரும் சொல்ல மறப்பது ஒன்று உண்டு: கடந்த 30 நாளில் பித்தப்பை வலி வந்திருந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். அம்மாவுக்குக் கடைசியாக வலி வந்த தேதியைச் சர்ஜனிடம் சொல்லுங்கள்.

கே: மயக்கவியல் பயிற்சியில் இருக்கிறேன். எந்த மருந்து, எந்த நேரம்?

ப: செஃபசோலின் 2 கிராம், எடை 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். நரம்பில், 3 முதல் 5 நிமிடத்தில், மெதுவாக. கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் உடலில் ஏறியிருக்க வேண்டும். வார்டிலேயே போட்டு அனுப்பும் பழக்கம்தான் இங்கே முதல் எதிரி. முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டு நோயாளி 2 மணி நேரம் வெளியே காத்திருந்தால், கத்தி படும்போது ரத்தத்தில் ஏறக்குறைய பாதி மருந்துதான் மிஞ்சும். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் நீங்களே போடுங்கள். நேரத்தைத் தாளில் குறியுங்கள். ஆபரேஷன் 4 மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கை வீக்கமும் தொற்றும் உள்ளவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பென்சிலின் அலர்ஜி என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

ப: என்ன அலர்ஜி என்று விசாரியுங்கள். செஃபசோலின் மூலக்கூறின் பக்கச் சங்கிலி, அதாவது அலர்ஜியைத் தூண்டக்கூடிய பகுதி, பென்சிலினுடையதைப் போன்றதல்ல. அதனால் பெரும்பாலானோருக்கு அதையே தரலாம். தோல் உரிந்து வாய் புண்ணாகிய தீவிர எதிர்வினை இருந்திருந்தால் கூடாது; அப்போது மெட்ரோனிடசோலும் ஜென்டாமைசினும் சேர்த்துக் கொடுக்கலாம்.

கே: டிஸ்சார்ஜில் 5 நாள் மாத்திரை எழுதுகிறார்கள். சாப்பிடலாமா?

ப: சிக்கல் இல்லாத ஆபரேஷன் என்றால் அது தேவையே இல்லை. கிருமி திசுவுக்குள் நுழையும் வாய்ப்பு, துளை திறந்திருக்கும் அந்த நேரத்தில்தான். தையல் போட்ட பிறகு விழுங்கும் மாத்திரைக்குத் தடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் வரும். ஆபரேஷன் முடிந்தபின் தடுப்பு மருந்தை நீட்டிக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. எழுதியவரிடமே காரணம் கேளுங்கள்.

கே: 3 நாள் மாத்திரை போதுமா?

ப: மேலே உள்ள பதில்தான்.

கே: டாக்டர், 2014இல் வந்த ஜப்பான் ஆய்வில் சுமார் ஆயிரம் பேர். மருந்து போட்டவர்களில் காயத்தொற்று 0.8%, போடாதவர்களில் 3.7%. பிறகு எப்படி அவசியமில்லை என்கிறீர்கள்?

ப: நல்ல ஆய்வு, தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய 35 பேருக்குப் போட்டால் ஒருவருக்குத் தொற்று தவிரும் என்பது அதன் பொருள். ஆனால் அங்கே கொடுத்தது ஒரு டோஸ் அல்ல, மூன்று. ஒரே மையத்தின் அனுபவமும்கூட. 2010இல் 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு) அலசலில் தெளிவான பலன் தென்படவில்லை. மருந்தில்லாமலே தொற்று 1 விழுக்காட்டில் நிற்கும் ஆபரேஷன் அரங்கில் குறைக்க அதிகமில்லை. 4 விழுக்காடு இருக்கும் இடத்தில் உண்டு. உங்கள் அரங்கில் 30 நாள் வரை காயத்தைப் பின்தொடர்ந்து எண்ணிப் பாருங்கள். அந்த எண் கையில் இல்லாமல் இந்த வாதம் முடியாது.

கே: பித்தப்பை கிழிந்து பித்தம் சிந்துமா என்று முன்பே யாருக்குத் தெரியும்? குறைந்த ஆபத்து என்று விட்டவர்களே உள்ளே மாறிவிடுகிறார்களே.

ப: உங்கள் தரப்பில் இதுதான் வலுவான வாதம், ஒப்புக்கொள்கிறேன். 2013இன் அமெரிக்க வழிகாட்டுதலும் இதே காரணத்தைச் சொல்லி, எல்லோருக்கும் ஒரு டோஸ் கொடுப்பது நியாயம்தான் என்கிறது. ஆகவே அந்த ஒரு டோஸை நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதெல்லாம் மறுநாளும் தொடரும் டோஸ்களைத்தான். முன்பே போடாமல் பித்தம் சிந்திவிட்டால் அப்போதே போடுங்கள். சலைனால் கழுவி உறிஞ்சுங்கள். சிந்திய கற்களை ஒவ்வொன்றாக எடுங்கள். தங்கிய கல் பல மாதம் கழித்தும் சீழ்க்கட்டியாகும். அதற்கு எந்த ஊசியும் காவல் இல்லை. பித்தப்பையைப் பைக்குள் போட்டு வெளியே எடுங்கள். வெறுமனே தொப்புள் துளை வழியாக இழுத்தால், இறுக்கத்தில் பித்தம் பிழிந்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் இறங்கும். தொற்று அதிகம் காணும் துளையும் அதுதான்.

கே: வீங்கிய பித்தப்பையை எடுத்தபிறகாவது மாத்திரை தொடரலாமா?

ப: லேசான, நடுத்தர வீக்கத்துக்கு வேண்டாம். 2014இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 414 பேர். தொடர்ந்தவர்களில் தொற்று 15%, தொடராதவர்களில் 17%. பெரிய வித்தியாசம் இல்லை.

கே: பித்தக்குழாயில் கல் இருக்கிறதாம்...

ப: எண்டோஸ்கோபி செய்யும் இரைப்பை குடல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: அரங்கு செவிலியர். நோயாளிக்குக் காயம் ஆறி 4 வாரம் கழித்துத் துளையில் கட்டி, கசிவு. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் முடித்தும் நிற்கவில்லை.

ப: இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று பார்த்தேன். இது ஆன்டிபயாட்டிக் தடுப்பு டோஸ் தவறியதால் வந்த தொற்றாகத் தெரியவில்லை. காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளைச் சந்தேகியுங்கள். அவை தண்ணீரில் வாழ்பவை, செஃபசோலினுக்கு அடங்காதவை. கருவியின் கைப்பிடி மூட்டிலும் உள்குழாயிலும் காய்ந்த திசுத் துணுக்கு ஒட்டியிருக்கும். அப்படியே 2% குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊறப்போட்டால் துணுக்குக்குள் இருப்பது சாகாது. பிறகு குழாய்த் தண்ணீரிலோ கொதிக்கவைத்த நீரிலோ அலசினால் கிருமியைத் திரும்பவும் பூசியதாகிவிடும். கருவியைப் பிரித்து, பிரஷ்ஷால் உள்குழாயைத் தேய்த்து, காயவைத்து, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) தாங்குவதையெல்லாம் அதில் வையுங்கள். தாங்காததை அந்தக் கரைசலில் 10 மணி நேரம் ஊறவைத்து, ஸ்டெரைல் நீரில் மட்டும் அலசுங்கள். இந்த நோயாளிக்கு மூன்றாவது கோர்ஸ் தொடங்குவதற்கு முன் சீழை எடுத்து, அமிலத்துக்கு நிறம் மாறாத கிருமிக்கான (AFB, அந்த உறவுக் கிருமிகளும் இந்த வகைதான்) ஸ்மியரும் கல்ச்சரும் என்று தனியாக எழுதி லேபுக்கு அனுப்புங்கள். வழக்கமான கல்ச்சர் 2 நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்று திரும்பும். கல்ச்சர் தட்டை ஒரு வாரத்துக்கு மேலும் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதே கருவியில் அடுத்தடுத்து ஆபரேஷன் ஆனவர்களின் பட்டியலையும் இன்றே எடுத்துவிடுங்கள்.