மூன்றரை வட்டிக்கு வாங்கிய கடன்

மதிப்பிற்குரிய சார்,

எனக்கு 27 வயது. சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. பி.எஃப். பிடித்தது போகக் கைக்கு 58,000 வருகிறது. நண்பர்களோடு எடுத்த வீட்டில் என் பங்கு வாடகை 9,000. ஊருக்கு 12,000 அனுப்புகிறேன். பைக் இ.எம்.ஐ. 4,800, போன் இ.எம்.ஐ. 5,500 (இன்னும் ஏழு மாதம்). கிரெடிட் கார்டில் 84,000 பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம் என்று ஸ்டேட்மென்ட்டில் போட்டிருக்கிறது. மினிமம் டியூ (மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) 4,200. அதை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அம்மா சொன்னபடி அவசரத்துக்கு என்று ஒரு லட்சம் எஃப்.டி.யில் இருக்கிறது, அதைத் தொடுவதே இல்லை. ஆனாலும் 20ஆம் தேதிக்கு மேல் கணக்கில் ஆயிரம் ரூபாய் நிற்பதில்லை. அப்புறம் கார்டுதான். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்.ஐ.பி. போட ஆசை. எந்த ஃபண்டில் போடலாம்? ஊருக்கு அனுப்புவதைக் குறைக்கலாமா? கார்டு விஷயம் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் வேண்டாம்.

க.

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லா எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. அதனால் எனக்கும் நேராகப் பேச முடிகிறது.

ஃபண்ட் பற்றி இப்போது பேச வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சில் இந்தக் கார்டுக் கடனைச் சொல்லிப் பாருங்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. மூணு வட்டி என்றால் ஊரில் யோசிப்பார்கள், வேறு வழி இருக்கிறதா என்று நாலு பேரிடம் கேட்பார்கள். உங்களுடையது மூன்றரை வட்டி. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. சேர்த்தால் நாலு வட்டிக்கும் மேலே போகிறது. உங்கள் அப்பாவிடம் தெருவில் ஒருவர் வந்து நாலு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே வந்தது. கார்டு வட்டி அந்தக் கணக்கில் வராது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அந்தத் தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

மினிமம் டியூவைத் தவறாமல் கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பெருமை தெரிகிறது, தப்பில்லை. ஆனால் அந்த 4,200 எங்கே போகிறது என்று பாருங்கள். 84,000க்கு ஒரு மாத வட்டி 2,940. அதற்கு ஜி.எஸ்.டி. 529. ஆக 3,469 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. கடனில் கழிவது 731 ரூபாய். இதுகூடப் புதிதாக எதையும் தேய்க்காமல் இருந்தால்தான். நீங்களோ 20ஆம் தேதிக்கு மேல் கார்டில்தான் சாப்பிடுகிறீர்கள். ஒருமுறை முழுப் பாக்கியைக் கட்டாமல் விட்டால், புதிதாக வாங்குவதற்கு உண்டான வட்டியில்லா நாட்களும் போய்விடும். நேற்று ராத்திரி வாங்கிய பிரியாணிக்கு நேற்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இப்போது அந்த எஃப்.டி.க்கு வருகிறேன். ஆறரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்துக்கு வருடத்தில் 6,500 ரூபாய் வரும். கார்டுப் பாக்கி இப்படியே நின்றால் வருடத்தில் 41,000க்கு மேல் போகும். ஒரு கையால் ஆறாயிரத்தை வாங்கி மறு கையால் நாற்பதாயிரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வாரமே எஃப்.டி.யை உடையுங்கள். முன்கூட்டியே எடுப்பதற்கு வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், போகட்டும். ஸ்டேட்மென்ட்டில் உள்ள தொகையை மட்டும் பார்க்காதீர்கள். இன்றைய தேதிக்கு மொத்தப் பாக்கி எவ்வளவு என்று பார்த்து முழுதாகக் கட்டுங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டிலும் கொஞ்சம் வட்டி வந்து நிற்கும். அது இடைப்பட்ட நாட்களுக்கானது, பயப்பட வேண்டாம், அதையும் கட்டுங்கள். அதோடு கடன் தீரும். கையில் பதினைந்தாயிரம் போல மிஞ்சும்.

அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அம்மாவின் பயம் நியாயமானதுதான். ஆனால் அம்மாவுக்கு நகை அடகு தெரியும். கையில் ஒரு லட்சம் இருக்கும்போது நாலு வட்டிக்கு நகையை அடகில் விட்டு வைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். முதல் வேலையாகப் போய் மீட்டுக்கொண்டு வருவார். உங்கள் சம்பளம்தான் இப்போது அடகில் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் வங்கியில் வேலை பார்த்தவன். 2004இல் ஒரு கார்டு வாங்கினேன். ஃபிரிட்ஜ், பிறகு பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், பிறகு ஒரு கல்யாணச் செய்முறை. கவுன்டருக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வட்டிக் கணக்குப் போட்டுச் சொன்ன நான், பதினான்கு மாதம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டேட்மென்ட் தபாலில் வரும். ஒரு நாள் அவள் கையில் சிக்கியது. அவள் சத்தம் போடவில்லை. மறுநாள் இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். வங்கி நகைக் கடனுக்குக் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. கார்டை அடைத்துவிட்டு, பத்து மாதத்தில் வளையலை மீட்டோம். அந்தப் பதினான்கு மாதமும் எனக்குச் சரியாகத் தூக்கம் இருந்ததில்லை. உங்கள் கடிதத்தில் 'வீட்டில் யாருக்கும் தெரியாது' என்ற வரியைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

ஊருக்கு அனுப்பும் 12,000ஐக் குறைக்க வேண்டாம். ஓட்டை அங்கே இல்லை. நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் கழித்தாலும் 22,500 மிஞ்ச வேண்டும். அது எங்கே போகிறது என்று கடிதத்தில் இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். போன மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் பேனாவால் எழுதுங்கள். ஆப் எதுவும் வேண்டாம், கையால் எழுதினால்தான் ஒவ்வொன்றும் உறைக்கும். சாப்பாட்டு ஆர்டர், வண்டி, யாரோ எல்லோருக்குமாகக் கட்டித் திரும்ப வாங்காத பில், மறந்துபோன ஓ.டி.டி. சந்தா எல்லாம் வரும். கடையில் ரூபாய் நோட்டை எடுத்து நீட்டும்போது ஒரு கணம் கை தயங்கும். ஸ்கேன் செய்யும்போது அந்தத் தயக்கம் இல்லை.

ஆகவே யு.பி.ஐ.யைச் சம்பளக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொரு சேமிப்புக் கணக்கில் வைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் 4,500 ரூபாய் அதற்கு மாற்றுங்கள். அந்த வாரம் முழுக்க அவ்வளவுதான். வியாழனன்று தீர்ந்துபோனால் வீட்டில் சமையுங்கள், நண்பர்களிடம் 'இந்த வாரம் முடியாது' என்று சொல்லுங்கள். முதல் இரண்டு முறை கஷ்டமாக இருக்கும். அவர்களிலும் ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார், பாருங்கள்.

மினிமம் டியூ நின்றதும் மிஞ்சும் 4,200ஐ அப்படியே வங்கியில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி.யில் போடுங்கள். அம்மாவின் அவசர நிதி அதிலிருந்து மறுபடி வளரும். ஏழு மாதத்தில் போன் இ.எம்.ஐ. முடியும். அந்த 5,500இல்தான் உங்கள் எஸ்.ஐ.பி. தொடங்க வேண்டும். அப்போது எழுதுங்கள், ஃபண்ட் பற்றிப் பேசலாம். அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என்.னில், அதாவது வேலை மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணில், மாற்றிக்கொள்ளுங்கள். 2024-25க்கு அதற்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்தார்கள், எந்த எஃப்.டி.யிலும் சுலபமாகக் கிடைக்காத வட்டி அது.

அம்மாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். எஃப்.டி.யை உடைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் அதுதான் அவருக்கு வலிக்கும். 84,000 என்று முழுதாகச் சொல்லுங்கள். நான் அன்று மனைவியிடம் 'கொஞ்சம் பாக்கி இருக்கு' என்றுதான் ஆரம்பித்தேன். அவள் மூன்று முறை கேட்ட பிறகுதான் 37,000 என்று வாயில் வந்தது.